வெறும் தண்ணீரின் எடை

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, கோலிக்குண்டு கழுவியது.

மாதத்தின் கடைசி நாள். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. வற்றிப்போன ஏரியின் கரையோரமாக ஏழு கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு தகரத் தட்டு, தட்டுக்குள் வலை, வலைமேல் இரண்டு அடுக்காகக் கண்ணாடிக் கோலிக்குண்டுகள். காற்றில் வரும் தூசி குண்டுகளின் இடுக்கில் விழுந்துவிட்டால் மறுபடி எழும்பிப் பறக்க முடியாது. முப்பது நாள் விழுந்ததைக் கழுவி எடுத்து, காயவைத்து நிறுத்தால், ஊர்மேல் ஒரு மாதத்தில் எவ்வளவு மண் இறங்கியது என்று தெரியும். இருபத்திரண்டு வருடமாக அம்மாவின் உத்தியோகம் அதுதான். ஊரில் அவளுக்குத் தூசியக்கா என்று பேர்.

அம்மா இரும்பு முக்காலியில் ஏறித் தட்டை இறக்கிக் கொடுத்தாள். மகள் கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். மகளுக்கு முப்பத்தெட்டு வயது. நகரத்தில் தலைமை ஆய்வகத்தில், வேதியியல் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. அதெல்லாம் அந்த முக்காலிக்குக் கீழே செல்லுபடியாகாது.

"சாய்க்காதடி. காத்து ஒரு மாசம் சுமந்துட்டு வந்து குடுத்தத ஒரு நிமிஷத்துல கொட்டிடுவ போல."

"சாய்க்கலம்மா."

"கை சாயல, சரி. கண்ணு எங்கயோ சாயுதே."

மகள் தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள். நாலு நாள் லீவு கிடந்தது, சும்மா வந்தேன் என்று சொல்லியிருந்தாள். சும்மா வருகிற ரகம் இல்லை அவள் என்பது அம்மாவுக்குத் தெரியும். பையில் துணிகளுக்கு அடியில் ஒரு கோப்பு இருந்தது. அது அம்மாவுக்குத் தெரியாது.

ஏழு தட்டையும் எடை அறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதையும் திறப்பதில்லை. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஈரச் சாக்கு. அதில் இரண்டு காலையும் தேய்க்காமல் மந்திரியே வந்தாலும் அம்மா உள்ளே விடமாட்டாள். செங்கல் தூணில் பதித்த கல் பலகைமேல் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. பக்கத்தில் தூசியைக் காயவைக்கும் ஓவன். சூடு ஆறும்வரை ஈரம் ஏறாமல் வைக்க ஒரு கண்ணாடிப் பேழை, அதன் அடியில் நீல மணிகள். ஈரம் பட்டால் மணிகள் ரோஸ் நிறத்துக்கு மாறும். மாறியதை அம்மா ஒருநாளும் விட்டுவைத்ததில்லை.

ஒரு தட்டுக்கு அரை லிட்டர் தண்ணீர். அளந்து ஊற்றி, குண்டுகளை விரலால் உருட்டி உருட்டிக் கழுவ வேண்டும். தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வரும். சல்லடையில் வடித்தால் எறும்புக் கால், புல் துணுக்கு, வண்டின் இறக்கை என்று குப்பை மேலே நிற்கும். மண் மட்டும் கீழே இறங்கும். அதைத் தண்ணீரோடு ஓவனில் வைத்தால் தண்ணீர் போய்விடும், மண் மிஞ்சும். கழுவுகிற தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். ஆய்வகத்தில் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் என்று பேர். கார் பேட்டரிக்கு ஊற்றுவதும் அதுதான் என்பதால் ஊரில் பேட்டரி தண்ணி என்பார்கள்.

ஐந்தாவது தட்டைக் கழுவும்போது மகள் கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"நடுவுல அஞ்சு வருஷம் பேட்டரி தண்ணி அனுப்பலன்னு சொல்லுவியே. அப்ப எதுல கழுவின?"

"நம்ம போர் தண்ணிதான். ரெண்டு நாள் தெளிய வச்சு, மேலாக்க மொண்டு ஊத்துவேன். கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அத எழுதி வச்சியா?"

"தண்ணிய எதுக்கு எழுதணும்? தூசியத்தானே கேட்டாங்க."

"தூசி இல்லாம, அந்தத் தண்ணிய மட்டும் ஒரு தடவ காய வச்சு நிறுத்துப் பாத்தியா?"

அம்மா தலை நிமிராமல் சிரித்தாள். "வெறும் தண்ணிய எவடி நிறுப்பா?"

மிச்சம் இரண்டு தட்டையும் கழுவி முடித்தார்கள். லேபிள் எழுதினார்கள். மகள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கம்பங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சாதாரணமாக ஒரு வேலையும் நடக்கவில்லை.

அம்மா அந்த நிலையத்துக்குள் துடைப்பத்தோடு நுழைந்தவள். லாரி வேலைக்கென்று வெளியூர் போன அப்பா, போன இடத்திலேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். போனது போச்சு, வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கொறஞ்சுது, பெருக்கறதுக்கு லேசு என்றாள். மகளுக்கு அப்போது பதின்மூன்று, தம்பிக்கு ஏழு. வானிலை நிலையத்தில் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து, தூசி அளந்துகொண்டிருந்த ஆள் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். புது ஆள் வரவில்லை. மேற்பார்வைக்கு வந்த பொறியாளர், தராசின் கண்ணாடியை அம்மா துடைப்பதைப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, மூச்சு விட்டால் கடைசி நம்பர் ஆடுது சார் என்றாள். பெருக்க வந்தவள் கடைசி நம்பரைப் பார்க்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். தற்காலிகமாக நீயே செய் என்றார். எட்டாவது வருடம் அந்தத் தற்காலிகத்தை நிரந்தரம் ஆக்கினார்கள். வேலையைச் செய்து காட்டித்தான் கற்றுக்கொடுத்தார்கள். கையேடு என்று ஒன்று இருந்தது. அது பொறியாளரின் அலமாரியில், நகரத்தில் இருந்தது.

வீட்டில் அவளுக்குத் தூசி ஆகாது. இரண்டு அறை வீடு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்திருக்கும். சாப்பாடு போடும் நொடிவரை தட்டுகள் கவிழ்ந்தே கிடக்கும். அலமாரிமேல் ஒரு விரலை இழுத்துப் பார்த்து, இன்னிக்கு நாலு கிராம் என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பாள். வீட்டில் தூசியைத் துரத்தித் துரத்தி அடிப்பவள் ஆபீசில் அதைத் தாலாட்டித் தூங்கவைக்கிறாள் என்று தம்பி கேலி செய்வான். அவள் அதற்குக் கோபப்படமாட்டாள். அடிக்கிற பிள்ளையைத்தான் அணைக்கவும் வேண்டியிருக்கு என்பாள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு முக்காலி ஏறியிருக்கிறாள். தம்பி சுவரேறி விழுந்து கை உடைந்த அன்றைக்குத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகள் பட்டம் வாங்கிய நாள் மாதக் கடைசியில் வந்துவிட்டது. அதற்கும் வரவில்லை. உனக்கு இன்னும் என்னென்னமோ குடுப்பாங்க, இந்த மாசத் தூசி திரும்ப வருமா என்று கேட்டாள். மேடையில் இருந்து பார்த்தபோது தம்பி மட்டும், பெரியவர்கள் அளவுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை மகள் வெகுநாள் மனதில் வைத்திருந்தாள். வைத்திருந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

பேட்டரி தண்ணீர் விவகாரம் பத்தாவது வருடத்தில் ஆரம்பித்தது. மாதா மாதம் வந்த கேன்கள் திடீரென்று நின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை என்றார்கள். அம்மா பதினோரு கடிதம் எழுதினாள். கார்பன் நகல்கள் இன்றும் இருக்கின்றன. முதல் இரண்டு மாதம் பேட்டரி கடையில் வாங்கி ஒப்பேற்றினாள். பிறகு அங்கேயும் இல்லை. பொறியாளருக்கு போன் போட்டாள். என்னம்மா இது, பச்சைக் குழந்தை மாதிரி, தட்டு சுத்தமாகணும் அவ்வளவுதானே, இருக்கிற தண்ணிய ஊத்திக் கழுவு என்றார். மேலதிகாரி சொன்னது வாய்வார்த்தை. அம்மா செய்தது வேலை. இருக்கிற தண்ணீர், நிலையத்து போர்த் தண்ணீர். அதில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. தெளிய வைத்தால் சேறு அடங்கும், உப்பு அடங்குமா? ஒவ்வொரு தட்டிலும் முக்கால் கிராம் உப்பு ஏறியது, கேன்கள் மறுபடி வரும்வரை ஐந்து வருடம், யாருக்கும் தெரியாமல்.

தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஏரியின் மண்ணே உப்பு மண். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நீர்த்துறை ஆற்றை மேலேயே மறித்துக் கால்வாயில் திருப்பிவிட்டது. ஏரி வற்றியது. அடிமண் வெள்ளையாக வெடித்து, காற்று வந்தால் ஊர்மேல் எழுந்து வந்தது. அந்தத் தூசியை எவன் நக்கிப் பார்த்தாலும் உப்புக் கரிக்கும். அதில் போர்த் தண்ணீரின் உப்பு கலந்திருந்தால் யார் கண்டார்கள்?

ஊர்க்காரர்கள் மனுமேல் மனு போட்டு, கடைசியில் ஒரு விசாரணைக் குழு வந்தது. ஏரித் தரை நனையும் அளவுக்காவது நீர்த்துறை தண்ணீர் விட வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வது அதன் வேலை. தூசி வரம்பை மீறுகிறது என்று நிரூபிக்க ஊரிடம் இருந்த ஒரே சாட்சி, அம்மாவின் இருபத்திரண்டு வருடப் பதிவு. பதிவைச் சரிபார்க்கச் சொல்லிக் குழு தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பியது. அது மகளின் மேசைக்கு வந்தது.

இவர் என் அம்மா என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு யார் கையிலாவது போனால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள், தன் கையில் இருந்தால் பத்திரம் என்று நினைத்தாள். அது ஒரு காரணம். தன் அம்மாவின் பதிவில் பிழை இருக்காது என்று நம்பியது இன்னொரு காரணம்.

வரைபடம் போட்ட முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டது. மழை மாதங்களில் மண் நனைந்து கிடக்கும், தூசி இருக்காது. கோடு தரையைத் தொட வேண்டும். பதினேழு வருடம் தொட்டது. ஐந்து வருடம் மட்டும், ஏழு தட்டும் சேர்ந்து, தரைக்கு மேலே ஐந்து கிராமில் அப்படியே நின்றது. வேறு யாராவது பார்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது. அவளுக்குப் பட்டது. அவள் படித்தது அதற்குத்தான். லீவு போட்டு, பஸ் ஏறி, தட்டு கழுவ வந்தது அப்போதுதான்.

நகரம் திரும்பி அறிக்கை எழுதினாள். அம்மா என்பதாலேயே திருகாணியை ஒரு சுற்று கூடுதலாக முடுக்கினாள். படிவத்தில் மாதம்தோறும் இரண்டு கட்டம்தான்: ஏற்கத்தக்கது, ஐயத்துக்குரியது. அறுபது மாதத்துக்கு ஐயத்தில் குறி போட்டாள். வறண்ட மாதங்களில் உப்பைக் கழித்தாலும் தூசி வரம்பைத் தாண்டியே இருக்கும் என்பதை அவள் மனக்கணக்கிலேயே போட்டுப் பார்த்திருந்தாள். வரம்பு, ஏழு தட்டுக்கும் சேர்த்து மாதம் பத்து கிராம். பதிவில் இருந்தது பதினெட்டிலிருந்து முப்பதுவரை. ஐந்து போனாலும் மிச்சம் பதின்மூன்றுக்குக் கீழே இறங்காது. ஆனால் அந்த போரின் தண்ணீரை யாரும் அளந்து வைக்கவில்லை, போரும் நாலு வருடத்துக்கு முன்னால் இடிந்து மூடிவிட்டது. லிட்டருக்கு ஒன்றரை என்பது கோட்டின் உயரத்தைப் பார்த்து அவளாக ஊகித்தது. ஊகத்தை முதல் பக்கத்தில் எழுதக் கூடாது என்பது ஆய்வகத்தின் வழக்கம். அதனால் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதினாள். தண்ணீரின் உப்பு தெரிந்தால் இந்த ஐந்து வருடத்தையும் திருத்திவிடலாம், திருத்திய பிறகும் வரம்பு மீறல் நிற்கும் என்று கருத இடமுண்டு. அடியில் கையெழுத்துப் போட்டாள்.

பத்தொன்பதாம் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. விசாரணையில் நீர்த்துறையின் வக்கீல் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். ஐந்து வருடம் எந்தத் தண்ணீரில் கழுவினோம் என்றே எழுதத் தெரியாதவர், மீதிப் பதினேழு வருடம் எதை எழுதினார் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழு இருபத்திரண்டு வருடத்தையும் மொத்தமாகத் தள்ளி வைத்தது. இனி இயந்திரம் வைத்து மூன்று வருடம் புதிதாக அளக்க வேண்டும், அதுவரை ஆற்றுத் தண்ணீர் பற்றிப் பேச்சு இல்லை என்று தீர்ப்பு. மறுப்பு இருந்தால் அறுபது நாளுக்குள் தகுந்த ஆதாரத்தோடு தரலாம். எடை அறையின் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

அறிக்கையின் நகல் அம்மாவுக்குத் தபாலில் வந்தது. அந்தச் சனிக்கிழமை மகள் வந்தாள். அம்மா மேசையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

"பத்தாவது படிக்கறப்ப கோழி கிளறின மாதிரி எழுதுவ. இப்ப கையெழுத்து நல்லாருக்கு."

மகள் விளக்கினாள். நின்றபடியே பத்து நிமிடம் பேசினாள். கட்டம் இரண்டுதான், மூன்றாவது இல்லை என்றாள். பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். தான் பார்த்ததை மறைத்திருந்தால் நாளைக்கு இன்னொருவன் கண்டுபிடித்து இரண்டு பேர் பெயரையும் நாறடித்திருப்பான் என்றாள். சொன்னது எதுவும் பொய் இல்லை. அம்மா காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அன்னிக்கு எங்கிட்ட கேட்டியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்ப நீ என் பொண்ணா வரல. ஆபீசரா வந்து, என் கையால தட்ட வாங்கிட்டு நின்ன."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசினார்கள். வெயில், தம்பியின் வேலை, குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா. அறிக்கையைப் பற்றி அம்மா எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை என்று மகளுக்கு இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான் மனுக்களுக்கெல்லாம் முதல் கையெழுத்து. அவருடைய பேரனுக்கு வீசிங். ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மனுஷன், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தம்பி ஒருநாள் பஞ்சர் ஒட்டப் போயிருந்தபோது, அவன் காதில் விழட்டும் என்றே நாலு பேரை வைத்துக்கொண்டு சொன்னார்:

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. இங்க தூசியக்கா உப்பைப் போட்டா, ஊரே தூசி குடிக்குது."

நாலு பேரும் சிரித்தார்கள். தம்பி பஞ்சர் ஒட்டாமலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அவன் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ஊருக்கு வாய் ஒன்றா இரண்டா? எடையை ஏற்றிக்காட்ட அக்காவே தட்டில் உப்பைத் தூவினாள் என்று ஒரு வாரத்தில் கதை முற்றியது. கடையில் சாமான் கட்டுகிறவர் உப்புப் பொட்டலத்தை நீட்டி, இது வீட்டுக்கா ஆபீசுக்கா என்று கேட்டார். அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து கடைகண்ணிக்குத் தம்பிதான் போனான்.

இருமல் பல வருடமாக இருந்ததுதான். வெளியே போகும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்வாள். எடை அறையில், காய்ந்த மண்ணைச் சுரண்டி எடுக்கும்போதுதான் கட்டமாட்டாள். துண்டு கட்டினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும், நம்பர் தெரியாது. தீர்ப்பு வந்த நாற்பத்தாறாம் நாள் காய்ச்சல் வந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், என்ன வேலை செய்தார் என்று கேட்டார். தூசி அளக்கிற வேலை என்றாள் மகள். குவாரியா என்றார். இல்லை, அரசாங்கம் என்றாள். பதினோரு நாள் இருந்தாள் அம்மா. முகத்தில் முகமூடி, பேச முடியாது. ஒருநாள் மட்டும் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எதையோ கேட்டாள். தண்ணி என்பது போல இருந்தது. மகள் ஸ்பூனில் தண்ணீர் எடுத்து வந்தாள். அம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் விடிவதற்கு முன்னால் போய்விட்டாள். அது அறுபதாம் நாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, தம்பியும் அவளும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வெகுநேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நீ நேர்மையானவதான்க்கா. யாரு இல்லன்னா? அத வேற யாரு வீட்லயாவது காட்டியிருக்கலாம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். 

பதினோராம் நாள் அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்கும்போது, கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. உள்ளே ஏழு பிளாஸ்டிக் பாட்டில்கள். அரை லிட்டர் பாட்டில்கள், கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, மூடி போட்டவை. ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, எண் போட்டு, தேதிக்கு இடம் விட்டிருந்தது. கூடவே அறிக்கை, பத்தொன்பதாம் பக்கம் மேலே வரும்படி மடித்து. தண்ணீரின் உப்பு தெரிந்தால் என்ற வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தாள். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: சைக்கிள் கடை போர். ஒரே வாரம், ஒரே வண்டி, இதுவும் இருநூற்றுப் பத்து அடி.

மகள் அதை மூன்று தடவை வாசித்தாள். இரண்டு போரும் ஒரே போர் வண்டிக்காரர், ஒரே வாரத்தில், ஒரே ஆழத்துக்குப் போட்டது. நடுவில் ஒரு மதில்தான். ஒரே ஊற்று. அந்தத் தண்ணீரை அளந்தால் மூடிப்போன போரின் உப்பு ஏறக்குறைய தெரிந்துவிடும். ஏறக்குறைய போதும். அதை ஆதாரமாக வைத்து மறுப்பு எழுதியிருக்கலாம். ஆய்வகத்தில் பதினோரு வருடம் இருந்த அவளுக்கு இது தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு போர் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பையோடு வெளியே வந்து தம்பியிடம் காட்டினாள். அவனுக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சலுக்கு முந்தின வாரம் அம்மா மூன்று நாள் இந்தப் பையை எடுத்துக்கொண்டு போனாளாம். முதல் நாள் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று திரும்பிவிட்டாள். மறுநாள் மத்தியானம் போனாள், அப்போதும் ஆள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கும் நேரம் பார்த்துப் போனாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மட்டும் நின்றிருந்தார். தெரு முனைவரை போய், பிள்ளை தூங்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம் என்று வந்துவிட்டாள். நான் போய் வாங்கிட்டு வரேன்னேன், பிழை என்னோடது, நான்தான் கேக்கணும்னுட்டா என்றான் தம்பி.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லாதேன்னா. எங்கயாவது தராசு கேட்டு நிறுத்துட்டு, நம்பரோட உனக்கு போன் பண்றேன்னா."

மறுப்புக்கான கெடு முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. இனி அந்தத் தண்ணீரில் எத்தனை கிராம் இருந்தாலும் எந்தக் குழுவுக்கும் அது வேண்டாம். மகள் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கினாள். மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"கடையில இப்ப யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எப்பவும் இருப்பாங்க" என்றான் தம்பி.